மூணு சலாம் மாமா

ஆளில்லாத இடங்களின் மேல் அவ்வளவு பைத்தியமாக இருந்த மனிதர் மட்டாஞ்சேரியில் வேறு கிடையாது. அப்படி ஓர் இடத்துக்குள்ளும் கால் வைக்காத மனிதரும் வேறு கிடையாது. இரண்டும் ஒரே ஆள்தான்: வாடகைக் கார் ஓட்டிய மூணு சலாம் மாமா. அவருடைய சொந்தப் பெயர் அவர் பெண்டாட்டிக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

அப்போது நான் வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் தங்கையையும் எங்காவது கூட்டிப்போக வேண்டுமென்றால் மாமாவின் ஓட்டைக் கார்தான் கட்டுப்படியாகும். ஆனால் எங்கே போவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். கடற்கரை என்றால் முகம் சுளிப்பார்.

“ஆளு இருக்கற எடத்துல என்னத்தைப் பாக்கறது மோனே? ஆளைத்தான் பாக்கலாம். அதுக்கு நம்ம பஜார் போதாதா?”

ஆகவே மூடிப்போன கயிற்று பாக்டரி, வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா, கூரை விழுந்த கிட்டங்கி என்றுதான் வண்டி போகும். போய் இறங்கியதும் மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலில் நிற்பார். “அஸ்ஸலாமு அலைக்கும்!” என்று தெருவே அதிரச் சொல்வார். காத்திருப்பார். மறுபடியும் சொல்வார். மூன்றாவது முறையும் சொல்லிக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு எங்களைப் பார்த்து, “சரி, ஏறுங்க” என்பார்.

அடுத்தவர் வீட்டுக்குப் போனால் மூன்று முறை சலாம் சொல்ல வேண்டும், பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் மார்க்கத்தில் சொல்லப்பட்ட மரியாதை. மாமா அதை இடிந்த வீடுகளுக்கும் நீட்டிவிட்டார். நாங்கள் பார்க்காத பாழடைந்த இடமில்லை. பார்த்ததெல்லாம் வாசல் மட்டும்தான்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஒருநாள் அவரை நிறுத்தி, காலி வீட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

“காலின்னு ஒமக்கு யாரு சொன்னா? பதில் சொல்லாதவனெல்லாம் இல்லாதவன் ஆயிடுவானா?”

மோதினார் பதில் சொல்லவில்லை. ஆனாலும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

ஒருமுறை பங்களா ஒன்றில் இரண்டாவது சலாமுக்கு உள்ளேயிருந்து ஆடு கத்தியது. பதில் வந்துவிட்டது என்று தங்கை குதித்தாள். மாமா யோசித்துப் பார்த்து, “அது நம்மளப் போல வந்த விருந்தாளி. வீட்டுக்காரன் இல்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கொச்சங்காடிக் கிட்டங்கியில் அவர் போட்ட சத்தத்தில், உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்த கும்பல் போலீஸ் என்று நினைத்துப் பின்சுவர் ஏறி ஓடியது. மாமாவுக்கு ஒரே குஷி. “பாத்தியா, ஆளு இருந்திச்சு! நேரா நொழஞ்சிருந்தா நம்ம மானம் என்னாகும்?”

பொறுமை கெட்டு ஒருநாள் நானே உள்ளே போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோது காரைக் காணோம். பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

இப்படிப்பட்ட ஆளோடுதான் அம்மாவைக் காட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. சாலக்குடிக்கு மேலே, மரம் கொண்டுவர ஓடிய ட்ராம் வண்டியில் அத்தா பிட்டராக இருந்தார். அம்மா கல்யாணமாகி முதலில் குடித்தனம் வைத்தது அங்கேதான். ட்ராம் நின்றதும் அந்த ஊரே காலியாகிவிட்டது. அதற்கு முன்பே மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்ட அத்தாவும் மவுத்தாகிவிட்டார். வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது.

“அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அந்த அடுக்களைல நின்னுட்டு வந்துடணும்டா” என்றாள் அம்மா. அத்தா போனபின் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். அந்தக் காட்டுப் பாதையில் வர வேறு எந்த டிரைவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

மலை ஏற்றத்தில் பாதி வழி நாங்கள் காரைத் தள்ளினோம். ஊரைப் பார்த்ததும் மாமாவுக்குக் கல்யாண வீட்டுக்கு வந்த சந்தோஷம். பூட்டிய கடை, ஆஸ்பத்திரி, ஒர்க்‌ஷாப் என்று வரிசையாகச் சலாம் சொல்ல ஆரம்பித்தார்.

“மாமா, எங்க வீடு கடைசில இருக்கு.”

“அக்கம்பக்கத்துல சொல்லாம நேரா அங்க போனா என்ன மரியாதை?”

கடைசி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் சலாம். காற்றுதான் வீசியது. இரண்டாவது. நான் அவர் கையைப் பிடித்தேன்.

“இது எங்க வீடு மாமா!”

“இருந்திச்சு மோனே. இப்ப யாரு இருக்காங்கன்னு நமக்குத் தெரியுமோ?”

மூன்றாவது சலாமையும் சொல்லிவிட்டுக் காரைப் பார்த்துத் திரும்பினார்.

“வ அலைக்கும் ஸலாம். உள்ள வாங்க இக்கா.”

அம்மாவின் குரல். அப்போதுதான் பார்த்தேன், தங்கை மட்டும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றாள். மாமா ஊர் முழுக்கச் சலாம் சொல்லி முடிப்பதற்குள் அம்மா கொல்லைப்புறமாக உள்ளே போய்விட்டிருந்தாள்.

மாமா திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தலை குனிந்து உள்ளே வந்தார். கூரை பாதி இல்லை. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள். பனையோலை ஒன்றால் கொஞ்சம் தரையைப் பெருக்கி வைத்திருந்தாள். மாமா அங்கே சப்பணமிட்டு உட்கார்ந்தார். அம்மா பிளாஸ்க்கிலிருந்து சாயா ஊற்றிக் கொடுத்தாள்.

இரண்டு வாய் குடித்துவிட்டு மாமா கேட்டார்: “மச்சான் எங்க தங்கச்சி?”

அத்தாவின் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர் அவர்.

அம்மா தடுமாறவேயில்லை. “டூட்டிக்குப் போயிருக்காங்க இக்கா. வர நேரமாகும்.”

“இருக்கட்டும். வந்தா நான் சலாம் சொன்னேன்னு சொல்லு.”

அம்மா சரியென்று தலையாட்டிவிட்டு அடுக்களைக்குள் போனாள். நெடுநேரம் வரவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவுமில்லை.

மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கொச்சங்காடியில் அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போனால் வாசலில் நின்று மூன்று சலாம் சொல்வேன். உடனே திரும்பிவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். எனக்குத்தான் கால் நகர்வதில்லை.