டோன் தேர்வுக் குழு

மனித இனம் நெருப்பைக் கண்டது தற்செயல். சக்கரத்தைக் கண்டது சோம்பல். முழுக்க முழுக்க அறிவை மட்டுமே முதலாகப் போட்டு நடந்த ஒரே காரியம், என் தங்கை கணவர் தம் எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் புது பிக்கப் தேர்ந்தெடுத்ததுதான். அந்தக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பிக்கப் என்பது கிட்டார் கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சின்னக் காந்தப் பெட்டி. கம்பி முணுமுணுப்பதை ஒட்டுக்கேட்டு ஸ்பீக்கரிடம் போட்டுக்கொடுக்கும். வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் உண்டு. இதற்கு மட்டும் விலை வைத்திருக்கிறார்கள்.

ஆரம்பித்துவைத்தவள் தங்கை. கல்யாணத்துக்கு முன் அவள் பாட, மாப்பிள்ளை வாசித்த பாட்டு ஒன்று உண்டு. அதில்தான் அவள் விழுந்தாள்.

“இந்த வருஷக் கல்யாண நாளைக்கு அந்தப் பாட்டை வாசிங்க, நான் பாடறேன். வேற எதுவும் வாங்கித் தர வேணாம்” என்றாள்.

வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள் இவ்வளவு மலிவாகக் கேட்டதில் எனக்குத் தலைகுனிவு.

“வாசிக்கலாம். ஆனா இந்த டோன்ல வாசிச்சா பாட்டுக்கே மரியாதை இல்ல” என்றார் மாப்பிள்ளை.

குழு அமைந்தது. மாப்பிள்ளை தலைவர். மாடி வீட்டுப் பல் டாக்டர் ‘செவி நிபுணர்’. நாளெல்லாம் டிரில் மிஷினைக் கேட்டும் செவிடாகாதது அவருடைய தகுதி. ஜவுளிக்கடைக்காரனான நான் ‘தர நிர்ணயம்’.

நடைமுறை கடுமையானது. தலைவர் பழைய பிக்கப்பைக் கழற்றி, புதியதைப் பற்றவைத்து, ஒரே ஒரு கார்டு, அதாவது நாலைந்து கம்பிகளைச் சேர்த்து ஒரே மீட்டு, அடிப்பார். அது கரைந்து அடங்கும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. ஒப்பீட்டில் ‘நேர்மை’ வேண்டும் என்பதால் எப்போதும் அதே கார்டு. பிறகு விவாதம்.

“மேல்வரிசை கூசுது” என்பார் டாக்டர்.

“அடியில?”

“வேர் வரைக்கும் இறங்கல. உள்ள சொத்தை இருக்கு.”

“மச்சான், நீங்க என்ன சொல்றீங்க?”

“பார்வைக்கு எடுப்பா இருக்கு மாப்ள. ஒரு தடவ நனைச்சா சுருங்கிடும்.”

நிராகரிக்கப்பட்டது. அடுத்தது வரும். சாப்பாட்டு மேஜையில் பற்றவைத்த தழும்புகள். ஒரு பிக்கப் ஃபிரிட்ஜில், முட்டைகளுக்கு நடுவே, காந்தம் ‘பக்குவப்பட’ வைக்கப்பட்டிருந்தது. குளிர்ந்ததைப் பொருத்தி அடித்ததும் டாக்டர் தம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

தங்கை எட்டிப் பார்த்தாள். “ஏங்க, ஒரு தடவ பாட்டைப் பாடிப் பாத்துக்கலாமா?”

“டோன் வரட்டும்மா. டோன் வந்தா பாட்டு தானா வரும்.”

“பல்லு முளைக்காம கடிக்க முடியாதும்மா” என்று டாக்டர் விளக்கினார். நான் அவருக்கும் தலையாட்டினேன், தங்கைக்கும் தலையாட்டினேன். கல்லாவில் உட்கார்ந்து பழகிய தலை.

கல்யாண நாளுக்குள் ஒருமனதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். வாடகை ஹால் நிறைய ஜனம். தங்கை மைக்கைப் பிடித்தாள். முகத்தில் பழைய வெட்கம் திரும்பியிருந்தது. மாப்பிள்ளை கார்டை அடித்தார்.

என்ன கனம், என்ன வழவழப்பு. நாங்கள் மூவரும் மூச்சுவிடவில்லை. அது கரைந்தது. அடங்கியது. தங்கை பாட வாயெடுத்தாள்.

மாப்பிள்ளை எங்கள் பக்கம் திரும்பினார். “நடுவுல கொஞ்சம் அமுங்குதோ?”

“ஹால் அப்படி. இன்னும் கொஞ்சம் வாயைத் திறக்கணும்” என்றார் முன்வரிசையிலிருந்து டாக்டர்.

“அடுத்த கார்டுங்க” என்றாள் தங்கை.

மாப்பிள்ளையின் விரல்கள் கம்பிமேல் எழுந்தன, தயங்கின, பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தன.

“அது... டெஸ்ட்ல வரலியேம்மா.”

தங்கை குனிந்து ஸ்பீக்கர் ஸ்விட்சை அணைத்தாள். மைக்கைக் கீழே வைத்தாள். வெறும் தொண்டையில், அவரைப் பார்த்தபடியே, முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள். “அண்ணா, எந்த வரி நல்லா இருந்துச்சு?”

நான் குழுவைப் பார்த்தேன். குழு என்னைப் பார்த்தது.

“ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டீங்களேம்மா” என்றார் டாக்டர், “எதை வெச்சுச் சொல்றது?”

எங்கள் காதுகளை நாங்கள் அவ்வளவு உயரத்துக்கு உயர்த்தி வைத்திருந்தோம். பாவம், பாட்டுக்குத்தான் எட்டவில்லை.