கேதக்காரர் ஓடிய தர்ம ஓட்டம்

ஊவா மாகாணத்தில் கேதக்காரரைவிட வேகமாக ஓடியவர் யாரும் கிடையாது. அவர் ஓடி வருவதைப் பார்க்க விரும்பியவரும் யாரும் கிடையாது.

எழுபதுகளில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் வாத்தியார். அவர் அங்கே தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். தாய் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருவர் கண்ணை மூடினால், வெளித் தோட்டங்களில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல ஓடுவது இவர்தான். அதனால் கேதக்காரர். பஸ்ஸை நம்பமாட்டார். “பஸ்ஸு வளைஞ்சு வளைஞ்சுல்ல போவுது. அதுக்குள்ள நான் மலை ஏறி எறங்கிருவேன்” என்பார். செத்தவர் எமலோகம் போய்ச் சேருமுன் இவர் பதுளை போய்ச் சேர்ந்துவிடுவார் என்று கேலி பேசுவோம். அதில் பெரிய பொய்யும் இல்லை.

அவரிடம் ஒரு பழக்கம். சேதியை எடுத்த எடுப்பில் போட்டு உடைக்கமாட்டார். முதலில் தண்ணீர் கேட்பார். செம்பைக் காலி செய்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் சொல்வார். நாளடைவில் அவர் “தண்ணி” என்றதுமே ஒப்பாரி தொடங்கிவிடும். ஒரு கல்யாணப் பந்தியில் விக்கல் எடுத்து, பாவம், தண்ணீர் கேட்டுவிட்டார். பெண்ணின் அம்மா மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு, கேதம் இல்லாத நாளில் தொண்டை காய்ந்தாலும் வெளியிடத்தில் தண்ணீர் கேட்பதில்லை.

இந்த மனிதரைத்தான் நாங்கள் தர்ம ஓட்டத்துக்கு அனுப்பினோம்.

காரணம், எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. அதன் கூரையில் தகரத்தைவிட ஓட்டைதான் அதிகம். மழை பெய்தால் ஆயா தொட்டில்களை மூலைக்கு மூலை மாற்றிக் கட்டுவாள். மார்ச்சளி பிடிக்காத பிள்ளையே அங்கே இல்லை. அந்த நேரத்தில் பதுளை இளைஞர்கள் சிலர் பசறையிலிருந்து பதுளைவரை ஒரு ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடிப்பவர் கேட்கும் நல்ல காரியத்துக்கு டவுன் வியாபாரிகள் உதவுவதாக ஏற்பாடு. இரும்புக்கடை ஹாஜியார் எங்களிடம் சொன்னார்: “பகல் பாங்குக்கு முந்தி உங்க ஆள் என்ட கடை வாசலுக்கு வரட்டும். கூரை முழுக்கத் தகரம் நான் தாறேன். ஆனா வாகனத்துல ஏறக் கூடாது.”

ஓட்டத்தன்று கொழுந்து அதிகம். ஞாயிறென்றும் பாராமல் மலையெல்லாம் ஆள். பதுளைப் பையன்கள் கேன்வாஸ் சப்பாத்தும் தொப்பியுமாக நின்றார்கள். கேதக்காரர் வெறுங்காலோடு, கடன் வாங்கிய கால்சட்டையை அரைஞாணில் முடிந்துகொண்டு நின்றார். நான் தோட்டத்து லொறியில் எலுமிச்சைத் தண்ணீரோடு பின்னால் போனேன். முதல் ஏற்றத்திலேயே சப்பாத்துகள் எல்லாம் ஓரமாக உட்கார்ந்துவிட்டன. அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அடேயப்பா என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

முதல் தோட்டத்து வளைவில்தான் வினை பிடித்தது. மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அவரைக் கண்டார்கள். அவ்வளவுதான். கூடையைப் போட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, மலையே இறங்கி வந்தது.

“யாருண்ணே? எங்க வீட்டு ஆளா?”

“யாரும் சாகலத்தா! தர்மத்துக்கு ஓடுறேன்!”

“தர்மத்துக்கு யாராச்சும் இப்படி ஓடுவாங்களா? நம்ம மனசு தாங்காதுன்னு மறைக்கிறாருடி!”

அவர் ஓட, அவர்களும் பின்னால் ஓடினார்கள். அடுத்த தோட்டத்திலும் அதே கதை, கூட்டம் இரட்டித்தது. நான் லொறியில் நின்று, “எல்லாரும் உசுரோட இருக்காங்க!” என்று கத்தினேன். வாத்தியாரே வந்திருக்கிறார், அப்படியானால் பெரிய சாவுதான் என்று அழுகை கூடியது. எலுமிச்சைத் தண்ணீரை நீட்டினேன். “ஐயோ, மறைங்க சார்! குடிக்கிறதப் பாத்தா இவங்க உசுர விட்ருவாங்க” என்று ஓடினார். உதடு வெடித்திருந்தது.

பதுளை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு கிழவர் ரோட்டை மறித்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மகளை எங்கள் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார், அவள் நிறைமாதம். பிடித்த கையை விடவில்லை. கேதக்காரர் நின்றார். நின்றது மட்டுமா, கிழவரோடு கல்லில் உட்கார்ந்தார்.

“ஒங்க மக நல்லாருக்குய்யா. காலையிலகூடப் பாத்தேன். எம் பிள்ள மேல சத்தியம்.”

“அண்ணே, பாங்கு சொல்லப் போறாங்க!” என்று நான் அலறினேன்.

“இருங்க சார். இத்தன வருசமா இந்த ரோட்டுல எல்லாரையும் அழ வச்சுக்கிட்டே ஓடிட்டேன். இவர ஒரு தடவ சிரிக்க வச்சுட்டு வாறேன்.”

கிழவர் சிரிக்கும்வரை அவர் எழும்பவில்லை. எனக்குக் கண்ணீர் வந்தது. அந்த வேகத்தைப் பார்த்து வியந்தவன், அந்த நிதானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பிறகு ஓடினார் பாருங்கள், லொறி தோற்றது. பதுளைக் கடைக்காரர்கள் அழுது வந்த கூட்டத்தைப் பார்த்து, சாவு ஊர்வலம் என்று மரியாதைக்குப் பாதிக் கதவைச் சாத்தினார்கள். ஹாஜியாரும் சாத்தப் போனார். கதவுப் பலகை கையில் இருக்கும்போதே கேதக்காரர் வாசலில் வந்து விழுந்தார். அதன் பிறகுதான் பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது.

“தண்ணி” என்றார் கேதக்காரர்.

ஓவென்று தெருவே அழுதது. அவர் செம்பைக் காலி செய்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “பிள்ளைக்காம்பராவுக்குக் கூரை கெடச்சிருச்சு” என்று சேதி சொன்னார். அழுத வாயோடு அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கூரை போட்ட வாரமே மழை கொட்டியது. குடையை எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து, வாசலுக்கு வெளியே நனைந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டில்கள் கட்டிய இடத்திலேயே தொங்கின.

“உள்ள போங்கண்ணே, நனையிறீங்க” என்றேன்.

“மெல்லப் பேசுங்க சார், தூங்குதுக” என்றார். தகரத்தில் மழை அடித்த அடியில் காதே அடைத்துப்போயிருந்தது.

அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வெட்கமாக இருந்ததால், குடையை மடக்கிவிட்டு அவர் பக்கத்தில் போய் நானும் நனைந்துகொண்டு நின்றேன்.