முந்நூற்று இருபத்தைந்து ரியால் மனைவி

மூன்றாம் மாதமும் ரய்யா சம்பளத்தைத் திருப்பித் தரவில்லை.

கல்ஃபானுக்குத் தலை சுற்றியது. பஹ்லா கடைத்தெருவில் முப்பது வருடமாக அல்வாக் கடை நடத்துகிறவர் அவர். கடையில் ஓமானி ஒருவர்கூட வேலைக்கு இல்லை என்று யாரோ புகார் எழுதிப் போட, தொழிலாளர் அமைச்சகத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. ஒரு ஓமானியைச் சேர்த்து, மாதம் முந்நூற்று இருபத்தைந்து ரியால் வங்கி வழியாகக் கொடுத்தால்தான் மொஃபிஸின் வேலை அனுமதி புதுப்பிக்கப்படும்.

சிட்டகாங்கிலிருந்து வந்த மொஃபிஸ் இல்லாவிட்டால் அல்வாவே இல்லை. நான்கு மணி நேரம் நிற்காமல் கிண்ட வேண்டும். கல்ஃபானுக்குத் தோள்பட்டை போய் ஐந்து வருடமாகிறது. அவனை ஊருக்கு அனுப்பினால் கடைக்குப் பூட்டுதான்.

"இது எதிர்க்கடை ஹமூத் வேலை. வேற எவனுக்கு இந்தப் புத்தி வரும்?" என்று பல்லைக் கடித்தார் கல்ஃபான். இருபது வருடமாக மாலையில் அஸர் தொழுகை முடிந்ததும் இருவரும் சேர்ந்துதான் காவா காப்பி குடிப்பார்கள். நோட்டீஸ் வந்த அன்றோடு அதுவும் நின்றது.

வழி சொன்னது அவர் மனைவி ரய்யாதான். மகன் பேரைச் சேர்த்து 'அபூ மாஜித்' என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்.

"வெளியாளுக்கு எதுக்குக் கொட்டிக் குடுக்கணும், அபூ மாஜித்? என் பேரைப் போடுங்க. பணம் வீட்டுக்குள்ளதானே சுத்தும்?"

மனைவியின் மூளையை கல்ஃபான் மெச்சினார். போட்டோ, அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு எண் எல்லாம் ஒரு உறையில் தயாராக இருந்தன. பதினோரு வருடமாக வரவேற்பறைச் சுவரில் தொங்கிய அவளுடைய வணிகவியல் பட்டத்தின் நகல்கூட இருந்தது. அதையும் மெச்சினார். மெச்சுவதில் அவர் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

பணம் கணக்குக்குள் போனது. வெளியே வரவில்லை.

"ரய்யா, அந்தப் பணம்..."

"எந்தப் பணம்? என் சம்பளமா?"

இதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவே இல்லை.

நான்காம் மாதம் கல்ஃபான் தந்திரமாகச் சம்பளத்தைப் போடாமல் விட்டார். சில நாளிலேயே கைப்பேசியில் எச்சரிக்கை வந்து விழுந்தது. ஊழியர் ஒருவருக்குச் சம்பளம் போகவில்லை. உடனே செலுத்தாவிட்டால் வேலை அனுமதிகள் நிறுத்தப்படும். செருப்பு ஒரு காலில் இருக்க, மறு காலில் இல்லாமல் வங்கிக்கு ஓடினார்.

திரும்பி வந்த வேகத்தில் கத்தினார். "வேலைக்கே வராதவளுக்கு எதுக்குடி சம்பளம்?"

அவர் வாழ்க்கையில் பேசிய மடத்தனமான வாக்கியம் அதுதான். மறுநாள் காலை ஏழு மணிக்கு ரய்யா கடைக்கல்லாவில் நின்றாள்.

"இங்க எதுக்கு வந்தே? ஊர் என்ன பேசும்?"

"விற்பனைப் பிரிவுன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கு, முதலாளி."

"முதலாளியா? சரி, மத்தியானம் சோறு?"

"அது ஒப்பந்தத்துல இல்ல, முதலாளி."

மத்தியானம் மொஃபிஸ் ஆக்கிய பருப்பும் சோறும் சாப்பிட்டார். அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மொஃபிஸ் கரண்டியோடு வந்து நின்றான்.

"அர்பாப், நான் நாலு மணி நேரம் கிண்டுறேன், நூத்தி அறுபது. அம்மா உக்காந்துக்கிட்டே முந்நூத்தி இருபத்தஞ்சு. இது எந்த ஊரு நியாயம்?"

"ஓமானிக்கு அதுதான் சட்டம்டா."

"என் கைக்கும் ஒரு சட்டம் போடுங்க அர்பாப்."

அவன் பருப்பை வாயில் வைத்துக்கொண்டு அவனிடம் வாதாட முடியவில்லை. கேள்வியும் நியாயமானதுதான். முப்பது ரியால் கூட்டிக் கொடுத்தார்.

ஆக, ஒரு சம்பளத்தை நிறுத்தப் போய் இன்னொரு சம்பளமும் ஏறியது. இப்போது வியாபாரத்தைப் பெருக்கினால்தான் பிழைப்பு என்ற நிலை. அதை ரய்யா பார்த்துக்கொண்டாள். ஆண்கள் மட்டும் நிற்கும் கடை என்று வாசலோடு போன பெண்களெல்லாம் அவளைக் கண்டதும் உள்ளே வந்தார்கள். கல்யாண வீடுகளுக்குச் சின்னக் கிண்ணங்களில் குங்குமப்பூ அல்வா என்று ஆரம்பித்தாள். பெருநாளுக்கு மூன்று நாள் முன்பே சட்டி காலி.

அந்தச் சந்தோஷத்தில் அவள் நீட்டிய சம்பள உயர்வுத் தாளில் கல்ஃபான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நானூறு ரியால். போட்ட பிறகு குறைக்க முடியாது என்று தெரிந்தும்தான் போட்டார். மொஃபிஸின் அனுமதியும் புதுப்பித்து வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், முப்பது வருடத்தில் கடைக்குப் போவது அவருக்கு இவ்வளவு இனித்ததில்லை. மனைவியோடு இத்தனை நேரம் பேசியதும் இல்லை.

"அந்த ஹமூத் புகார் எழுதாம இருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?" என்று ஒருநாள் அவருக்கே தோன்றியது. மன்னித்துவிடலாம் என்று ஒரு டப்பா அல்வாவை எடுத்துக் கட்டச் சொன்னார்.

கட்டி முடிப்பதற்குள் ஹமூதே தெருவைத் தாண்டி வந்தார். கையில் ஒரு தாள், நெற்றியில் வியர்வை.

"எனக்கும் நோட்டீஸ் வந்திருக்குய்யா."

கல்ஃபான் பதறிப்போனார். "அல்லாஹ் மேல சத்தியமா நான் எழுதல!"

"நீ எழுதலன்னு எனக்குத் தெரியாதா? மொதல்ல காவா ஊத்து."

கல்ஃபான் ஊற்றினார். எட்டு மாதத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து குடித்தார்கள். கல்லாவில் ரய்யா திடீரென்று மிக மும்முரமாகத் தராசைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அப்ப யாருதான் எழுதினது?"

ஹமூத் கோப்பையைக் கீழே வைத்தார். "எம் பொண்டாட்டி. எப்படி எழுதணும்னு உன் வீட்டம்மாதான் சொல்லிக் குடுத்தாங்களாம், 'என் வீட்டுல நல்லா வேலை செஞ்சுது'ன்னு."