ஆப்பிரிக்காவில் என் மாமியார் வீடு

தனி ஆளாகக் காலம் தள்ளுகிறவனுக்குக் கூட்டம் சேர்க்கத் தெரியாது. தப்பித்தவறிச் சேர்த்துவிட்டாலும், அது எதற்காகச் சேர்ந்தது என்று தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சனிக்கிழமை பகலில் இதைத் தெரிந்துகொண்டேன்.

அப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வு மையத்தில் எனக்கு வேலை. ஆப்பிரிக்க நாடுகளின் ஆட்சி, வெளியுறவு, பொருளாதாரம் எல்லாவற்றுக்கும் நான் ஒருவனே ஆள். (ஒரு கண்டத்துக்கே ஒரு மேசை, அதுவும் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில்.) நான் எழுதியதை யாராவது படித்தார்களா என்று தெரியாது. பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறைக்குத் திரும்பி, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் தூங்கிப்போன நாட்கள் நிறைய.

ஒருநாள் இயக்குநர் கூப்பிட்டார். “ஆப்பிரிக்கா பத்தி ஒரு கருத்தரங்கு போடுங்க. ஹால் நிறையலன்னா அந்த மேசைய மூடிரலாம் லா.”

ஜாம்பியாவிலிருந்து வந்து இங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த பொருளாதாரப் பேராசிரியை ஒருவர் பேசச் சம்மதித்தார். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படங்கள்தான் வந்தன. நம் ஆட்களை நேரில் போய்க் கூப்பிட்டால்தானே மதிப்பு? பளபள அட்டையில் அழைப்பிதழ் அடித்து, வெறுங்கையோடு போகக்கூடாதே என்று தட்டில் பழமும் வைத்துக்கொண்டு, கிள்ளானில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். அட்டையில் ஆங்கிலத்தில் பேராசிரியை பெயர், அதன் கீழே நெறியாளர் என்று என் பெயர், பிறகு தேதி, ஹால், பகல் விருந்து. எனக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. (உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.)

அத்தை அட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். கண் கலங்கியது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார்.

“யார் யார கூட்டிட்டு வரலாம் தம்பி?”

“எல்லாரையும் கூட்டிட்டு வாங்க அத்தை. ஹால் நிறையணும். இல்லன்னா எனக்கு எதிர்காலமே இல்ல.”

“நாங்க இருக்கோம் லா. கவலப்படாத.”

சனிக்கிழமை வேன் வேனாக வந்து இறங்கினார்கள். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, ரிப்பன் கட்டிய பரிசுப் பெட்டிகள். ஆப்பிரிக்காவின்மேல் கிள்ளானுக்கு இவ்வளவு பாசமா என்று இயக்குநர் வாய் பிளந்தார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

பேராசிரியை அருமையாகப் பேசினார். செம்பைத் தோண்டி அப்படியே கப்பல் ஏற்றிவிட்டு, அதில் செய்த கம்பியையே விலை கொடுத்து வாங்கும் நாடு எப்படி முன்னேறும் என்று கேட்டார். எந்த வல்லரசையும் பகைத்துக்கொள்ளாமல், எவனுக்கும் அடிமையாகாமல், எல்லோரோடும் பழக வேண்டியிருக்கிறது என்றார். அரைகுறை ஆங்கிலம் தெரிந்த அத்தை முன்வரிசையில் பலமாகத் தலையாட்டினார். சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவதாக நினைத்திருக்க வேண்டும்.

கேள்வி நேரம் வந்தது. மாமா ஒருவர் எழுந்து மைக்கை வாங்கினார். “தாலி எத்தன மணிக்கு?”

அன்று வந்த ஒரே கேள்வி அதுதான்.

அத்தை தட்டோடு மேடையேறிப் பேராசிரியைக்குக் குங்குமம் வைத்து, மடியில் ஒரு புடவைப் பெட்டியை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நல்லாப் பேசுது. எந்த ஊரா இருந்தா என்ன, எங்களுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நீ தனியா இல்லாம இருந்தா போதும்.”

“அத்தை, அவங்களுக்குக் காலேஜ் போற பையன் இருக்கான்.”

அத்தை கொஞ்சம் யோசித்தார். “அதுக்கென்ன. அவனும் நம்ம பிள்ளதான்.”

ஒருவழியாக எல்லோருக்கும் எல்லாம் விளங்கியது. பேராசிரியை கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார், புடவையைத் திருப்பித் தரமாட்டேன் என்றார். கிள்ளான் கூட்டம் சாப்பிட்டுவிட்டுப் போனது. இயக்குநர் மேசையை மூடிவிட்டார்.

இன்றைக்கும் நான் அதே அறையில்தான் இருக்கிறேன், தனியாகத்தான். தொலைக்காட்சியில் ஆப்பிரிக்கா வந்தால் அத்தையின் போன் வந்துவிடும். “உன் மாமியார் ஊர்ல தேர்தலாம், பாத்தியா?” பின்னால் வீடே சிரிக்கும். எந்த நாடானாலும் எனக்கு அது மாமியார் ஊர்தான். செய்தி இல்லாத வாரங்களில் போன் சும்மா கிடக்கும். போன மாதம் பொறுக்கமாட்டாமல் நானே கூப்பிட்டேன்.

“அத்தை, மாமியார் ஊர்ல புதுசா ரயில் விட்டிருக்காங்க.”

“எந்த ஊர்ல?”

அவசரத்தில் எந்த ஊரும் வாயில் வரவில்லை.

“அந்த ரயில் கெடக்கட்டும். கிள்ளானுக்கு ரயில் ஓடுதுல்ல, ஏறி வா. சோறு வைக்கிறேன்.”