காப்பக வாயிலில் ஒரு செங்கண் போர்

ஒரு தோளில் மடிக்கணினியையும் மறுதோளில் மூன்று வயது மகளையும் தாங்கி, மனைவி வேலைநிமித்தம் வெளியூர் சென்றிருக்கத் தனியொருவனாய்ச் சமையலறையும் குளியலறையும் வென்று, மேலாளர் கூட்டிய கூட்டத்துக்கு விரையும் கணக்குப்பிரிவு எழுத்தனே வாழ்க. அவன் கசங்கிய சட்டை வாழ்க. மழலையர் காப்பக வாயிலில் அவன் ஆற்றிய அரும்போர் வாழ்க.

கம்பிக்கதவின் பின்னே, மதிலும் அகழியும் ஓருருக் கொண்டாற்போல் நின்றாள் காப்பகத் தலைவி. அவள் பார்வை அம்பெனப் பாய்ந்து, செந்தாமரை மொட்டென வீங்கியிருந்த மகளின் இடக்கண்ணில் தைத்தது.

"பாப்பாவுக்குக் கண்ணு ஏன் சார் இப்படிச் சிவந்திருக்கு?"

தந்தை முதற்படையை ஏவினான். "குளிப்பாட்டும்போது ஷாம்பு பட்டுடுச்சு மிஸ்."

"அதுன்னா இதுக்குள்ள சரியாயிருக்குமே."

முதற்படை புறமுதுகிட்டது. வழியெல்லாம் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று புழுதிப்படையை எழுப்பினான். அதுவும் கதவருகே மடிந்தது. இறுதியாக, தாயை நினைத்து விடியலிலிருந்து பிள்ளை ஓயாது அழுததென்றும், அழுத கண் சிவக்காமல் வெளுக்குமா என்றும், கல்லும் கசிய முழங்கினான். தாழ்ப்பாள் அசைந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. வெற்றித்திருமகள் மாலையும் கையுமாக அவனை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

அக்கணத்தில், தோளில் கிடந்த மகள் தலையைத் தூக்கினாள்.

"நான் அழவே இல்ல மிஸ். கண்ணுதான் ஒட்டிக்கிச்சு. அப்பா சுடுதண்ணி வச்சுத் துடைச்சாரு."

தன் படையாளே மாற்றானுக்கு உளவு சொன்னால் எப்படைதான் வெல்லும்? கதவு சாத்திக்கொண்டது. ஆயினும் படையிழந்த மன்னன் வெறுங்கையோடு களம்புகுவதுபோல் தந்தை முன்னே வந்தான்.

"ஒரு கண்ணுதானே மிஸ். இன்னிக்கு மட்டும் பாத்துக்கோங்க. மீட்டிங்குக்குப் போயே ஆகணும்" என்று இறைஞ்சியவாறே, நெடுநேரமாய் அரித்துக்கொண்டிருந்த தன் வலக்கண்ணைப் புறங்கையால் கசக்கினான்.

காப்பகத் தலைவி தன் கைப்பேசியில் செல்ஃபி கேமராவைத் திறந்து, கம்பிகளினூடே அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் ஊழித்தீயென ஒரு கண் எரிந்தது. அது மகளுடையதன்று.

"நீங்களும் வீட்டுலயே இருங்க சார்."

அப்பா ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண் டாக்டரிடம் போனார்.