எடை மேடையில் சீதாலெட்சுமி

மலேசியாவின் கேரி தீவு செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போடுவது ரெங்கசாமியின் வேலை. லோரி மேடையில் ஏறினால் அறைக்குள் முள் நகரும். அவர் சொன்னதுதான் எடை. டன் கணக்கில் பார்த்த மனுஷனுக்கு, போன வருஷம் கையில் வாங்கிய பெண் குழந்தை கனக்கவே இல்லை. ஒன்றரைக் கிலோ. ஒரு ராத்திரிதான் இருந்தது. அவரே தூக்கிப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் பாதி ஆள்தான்.

இப்போது மனைவி சீதாலெட்சுமிக்கு மறுபடியும் ஒன்பதாம் மாதம். கிள்ளான் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தார்கள். அவள் திரைக்குப் பின்னால் சேலையைச் சரிசெய்துகொண்டிருக்க, டாக்டர் தணிந்த குரலில் சொன்னார்.

"பிள்ளை ரெண்டு கிலோ காட்டுதுண்ணே. ஆனா இது தராசு இல்ல. தலை, வயிறு, தொடையெலும்பை அளந்து போடற மதிப்புதான். கடைசி மாசத்துல கூடும், குறையும்லா."

குறையும் என்றது மட்டும்தான் ரெங்கசாமி காதில் விழுந்தது. இவளிடம் மூச்சு விடக் கூடாது என்று சபதமே எடுத்துக்கொண்டார்.

"என்னங்க சொன்னாரு?"

"மூணு கிலோவாம்! பயில்வான்!"

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வாட்ச்மேனும் அவர் நாயும் தவிர யாரும் இல்லாத ஆலைக்கு அவளைக் கூட்டிப் போய் லோரி மேடையில் நிறுத்தினார். பத்துப் பத்துக் கிலோவாக மட்டுமே நகரும் முள் அது.

"டாக்டரே சொல்லிட்டாரே, அப்புறம் எதுக்குங்க?"

"அது அவர் கணக்கு. இது நம்ம கணக்கு."

அறுபது. அடுத்த வாரமும் அறுபதே காட்டியது. வெளியே வந்தவர் முகம் செத்துப் போயிருந்தது. அவள் பார்த்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் எழுபது! அறை ஜன்னல் வழியே அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. ஒரே வாரத்தில் பத்துக் கிலோ ஏறுமா என்று அவர் யோசிக்கவில்லை. அன்றைக்கு மூன்று தட்டு சோறு சாப்பிட்டார்.

பையன் பிறந்தான். இரண்டு கிலோ எண்ணூறு. கையில் வாங்கினார்; கனத்தது. அழுகையை மறைக்க மீசையை முறுக்கினார்.

"மூணு கிலோன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"டாக்டர் ரெண்டுன்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. திரை துணிதானேங்க."

"அப்ப... முள்ளு ஏறுச்சே?"

"நீங்களும் சாப்பிடாம கெடந்தா நான் யாரைப் பாத்துத் தாங்குறது?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாட்ச்மேன் நாய்க்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிப் போடுங்க. கூப்பிட்டதும் மேடையில ஏறிப் பக்கத்துலயே நின்னுச்சு, பாவம்."