எப்பவும் போல எடது பக்கம்

பெனால்டி அடிப்பது உலகத்திலேயே சுலபமான வேலை. அடிப்பது வேறு யாராவதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னாளில் ஸ்டிரைக்கராகச் சம்பளம் வாங்கி, வேளாவேளைக்கு முட்டையும் மசாஜுமாக வாழ்ந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை, அடையாறில் ஒரு கல்லூரி மைதானத்தில் எங்கள் உள்ளூர் பெண்கள் கால்பந்து லீக்கின் இறுதிப் போட்டி. பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் மேனேஜர் வந்து, வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஸ்டெல்லா, உன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கார். ஒரு கோல் போதும்" என்று காலையிலேயே கோச் சொல்லி, என் இட்லியைத் தொண்டையில் நிறுத்திவிட்டார்.

கோல் விழாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மறுநாள், பாலவாக்கத்து அத்தையின் ஏற்பாட்டில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். "பெங்களூர்க்காரன் கூப்ட்டா ஆடப் போ. கூப்டலன்னா ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சிட்டு, புடவை கட்டிக்கினு உக்காரு." இது அப்பாவும் அத்தையும் போட்ட ஒப்பந்தம். (என்னை யாரும் கேட்கவில்லை.)

அப்பா பட்டினப்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டுபவர். ஹாரன் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்யாமலே மாதக்கணக்கில் ஓட்டுவார். அவர் குரலே போதும்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில், கோலுக்கு முன்னால் என்னை ஒருத்தி காலை வாரிவிட்டாள். விசில். பெனால்டி!

பந்தை வைத்தேன். அது உருண்டு போனது. மறுபடி வைத்தேன். எதிரே கோல்கீப்பர் ரெமி, அந்த வருடம்தான் மிசோரமிலிருந்து வந்தவள், கையை விரித்து நின்றாள். மைதானமே அடங்கிப்போனது. குடைக்காரர் குடையை மடக்கினார். என் மூச்சு எனக்கே கேட்டது. அந்த அமைதியில்தான் அப்பாவின் குரல் வந்தது.

"ஸ்டெல்லா கண்ணு! எப்பவும் போடுவியே, அதே எடது பக்கம் போடும்மா! பயப்டாத!"

கோட்டூர்புரம் வரை கேட்டிருக்கும்.

நான் எல்லாப் பெனால்டியையும் இடது பக்கம்தான் அடிப்பேன். வேறு பக்கம் எனக்கு ஒழுங்காக வராது. அதுவரை எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

ரெமி கேட்டுவிட்டாள். இடது பக்கம்தான் பாய்வாள். அப்போ வலது பக்கம் அடி. ஆனால் நான் மாற்றுவேன் என்று அவளும் யோசிப்பாளே? அப்போ இடதே. அதையும் யோசித்துவிட்டால்? ரெஃப்ரி விசில் ஊதி, "இன்னும் என்னம்மா?" என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட ஆரம்பித்தபோது இடது. பாதி வழியில் வலது. பந்துக்குப் பக்கத்தில் போனபோது காலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் வலது பக்கமாக, பந்துக்கு வலிக்குமோ என்று பயந்த மாதிரி ஓர் உதை.

எனக்கு வலது என்றால் எதிரே நிற்கும் ரெமிக்கு அது இடது; அவள் அந்தப் பக்கமே விழுந்தாள். தொட்டில் குழந்தையை எடுப்பதுபோல் பந்தை அள்ளி அணைத்துக்கொண்டாள். கூடுதல் நேரத்தில் தோற்றும் போனோம்.

குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதுகொண்டிருந்தேன். ரெமி வந்து, இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டாள்: "அந்த அங்கிள் ஏன் அப்படிக் கத்தினார்? யாருக்காவது அடிபட்டுவிட்டதா?"

"அவர் சொன்னது உனக்குப் புரியலையா?"

"எனக்குத் தமிழில் 'தண்ணி', 'சாப்பாடு' மட்டும்தான் தெரியும்."

"அப்புறம் எப்படிச் சரியாக இந்தப் பக்கம் விழுந்தாய்?"

வலது முழங்கையைக் காட்டினாள். தோல் உரிந்திருந்தது. "அந்தப் பக்கம் விழுந்தா வலிக்கும். அதனால் பந்து எங்கே வந்தாலும் இந்தப் பக்கம்தான் விழுவதென்று முடிவு பண்ணிட்டேன்."

மேனேஜர் அவளைத்தான் பெங்களூருக்குக் கூட்டிப்போனார்.

திரும்பும்போது மந்தைவெளியில் அப்பா ஆட்டோ கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அப்புறம், "எடது பக்கம்னுதானம்மா சொன்னேன்?" என்றார்.

"நீ சொன்னதாலதான்பா ரைட்ல அடிச்சேன். அவ காதுலயும் விழுந்திருக்குமே!"

"வுழுந்தா இன்னா பண்ணுவா?"

"ஒண்ணும் பண்ணல. அவளுக்குத் தமிழே தெரியாதாம்."

ஆட்டோ ஓரமாக நின்றது. அப்பா ஹேண்டில்பார்மேல் தலையைக் கவிழ்த்தார். தோள் குலுங்கியது. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். மனிதர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வந்த மாப்பிள்ளை வீட்டாரிடமும் அவரால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. காபி டம்ளரைப் பந்தாக வைத்து மொத்தக் கதையையும் நடித்தே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையின் அம்மாவைத் தவிர. "கடைசி நிமிஷத்துல மனசு மாத்துற பொண்ணு. கோயில்ல ஃபாதர் முன்னாடி நின்னு மாத்தினா என்ன செய்யறது?" என்று அத்தையிடம் சொல்லியனுப்பிவிட்டார்.

அடுத்த சீசனில் அந்த கிளப் என்னையும் எடுத்துக்கொண்டது. (ரெமிதான் சிபாரிசு. "கீப்பருக்கு வசதியாக அடிப்பாள்" என்றாளாம்.)

இப்போதும் வீட்டில் யாராவது, நான் இப்படிச் சொன்னால் அவர் அப்படி நினைப்பாரோ என்று குழம்பிக்கொண்டிருந்தால் தப்பிக்க முடியாது. போன வாரம் என் கணவர் அப்படித்தான், தேனாம்பேட்டையில் தன் ஆபீசரிடம் லீவு கேட்பது எப்படி என்று அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மாப்ள, அந்தாளுக்குத் தமிள் தெரியுமான்னு மொதல்ல கேளுங்க."